இருமொழி எழுத்தும் மலையக மக்களும்

ஒரு மொழி பேசும் மக்கள் ஓரிடத்தில் ஒருங்கு வாழுங்கால் அவர்களைப் பிணித்து வைப்பதற்குப் பேச்சே போதும். அவர்கள் கடலால் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியினரும் வெவ்வேறு அரசின்கீழ் வெவ்வேறு மொழிச் சூழலில் வாழ நேரும்போது எழுத்தின் கடமை தொடங்குகின்றது. இலங்கையின் மலையகத் தமிழர் அவ்வாறு பிரிக்கப்பட்டவர்கள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை, 975,000 மக்களைக் கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்படும் எனப் பகுத்தது. எஞ்சியோரையும் 1974ஆம் ஆண்டின் உடன்பாடு இரு நாடுகளும் சமமாகப் பிரித்துக்கொள்ள வழிசெய்தது. ஒரே லயத்தில் வாழ்ந்த தமையன் நீலகிரிக்குச் செல்ல, தம்பி மாத்தளையில் நின்றான். 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களின் பின்னர் வேறு சிலர் மேலும் தொலைவிலுள்ள நாடுகளுக்குச் சென்றனர். இன்று இம்மக்களின் வழித்தோன்றல்களுள் ஒரு சாரார் தமிழும் சிங்களமும் அறிவர். மற்றொரு சாரார் தமிழும் ஆங்கிலமும் அறிவர். ஆங்கிலம் மட்டுமே வாசிக்கத் தெரிந்தோரும் உளர். இவர்களை ஒருங்கிணைக்க இருமொழி எழுத்தே வேண்டும் என்பது இக்காலத்துப் பலர் கூறும் கருத்து. அக்கருத்து சரியானதே; ஆயினும் முழுமையானதன்று. இருமொழி எழுத்து மலையகத்துக்குப் புதியதன்று. அது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. அவ்வரலாற்றை ஆராய்ந்தால், இரு மொழிகளில் அச்சிடப்பட்டமையால் மட்டும் ஒரு நூல் மக்களை இணைத்துவிடுவதில்லை என்பது புலனாகும்.

இவ்வாய்வுக்கு மாத்தளையைக் காட்டிலும் பொருத்தமான இடம் பிறிதொன்றில்லை எனலாம். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளூடாகத் தம்புள்ளை வழியே நடந்து, மலைநாட்டின் வாயிலாகக் கண்ட ஊர் மாத்தளையே. வழியில் இறந்தோர் எண்ணற்றோர். அந்நடையை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து தொடங்கிய நடைபவனியும் ஓகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையிலேயே நிறைவெய்தியது. மலையக இலக்கியத்திலும் மாத்தளை தனக்கெனச் சிறப்பிடம் பெற்றது. மலரன்பன், மாத்தளை வடிவேலன், மாத்தளை சோமு, மாத்தளை கார்த்திகேசு, பண்ணாமத்துக் கவிராயர் முதலியோர் இம்மண்ணிற்குரியோர்.

மலையகத்தின் பழைய அச்சு நூல்களுள் ஒன்று, 1869ஆம் ஆண்டில் ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய கோப்பிக் கிருஷிக் கும்மி. இது தமிழ்க் கும்மிப் பாடல்களாகவும் அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பாகவும் வெளிவந்தது. எனவே மலையக எழுத்து பிறக்கும்போதே இருமொழி எழுத்தாகப் பிறந்தது எனின் மிகையன்று. ஆனால் அதன் இரு மொழிகளும் யாரை நோக்கிப் பேசின என்று வினவுதல் வேண்டும். தமிழ்ப்பகுதி கோப்பிச் செய்கையின் முறைகளை எடுத்துரைத்துத் தொழிலாளரை உழைப்பில் ஊக்கியது. ஆங்கிலப் பகுதி தோட்டத் துரைமார்க்கு உரியது. தொழிலாளி கற்க வேண்டியது ஒரு மொழியில். அவன் கற்கின்றான் என்று துரை மகிழ வேண்டியது மறுமொழியில். ஒரே நூலின் இரு பக்கங்களில் நின்ற இவ்விருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை.

இந்நிலையைப் பின்வந்த நூல்கள் மேலும் தெளிவாக்குகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏ. எம். பெர்குசன் இளையவர் சின்னத்துரைமார்க்கென வெளியிட்ட தமிழ்க் கைநூலின் பெயரே 'இங்கே வா' என்பது. 1915ஆம் ஆண்டில் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் 'கூலித் தமிழ்' என்னும் பெயரில் அவ்வகையில் மற்றொரு நூலை வெளியிட்டார். இவை துரைமார் தமிழ் கற்பதற்கு உதவியவை. அவ்வளவில் இருமொழி நூல்களே. எனினும் அவை கற்பித்த தமிழில் ஓங்கி நிற்பது ஏவல் வினை. வா, போ, எடு, வெட்டு என்பனவற்றைக் கற்றவன் ஆணையிட வல்லவனாவான். உரையாட வல்லவன் ஆகான். தொழிலாளியின் விடை, வேலையைப் பற்றிய அளவுக்கே அங்கு வேண்டப்பட்டது. தொழிலாளி கையிற் கொடுக்கப்பட்ட எழுத்தும் இதற்கு மாறானதன்று. 1921ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்ட துண்டு முறையில், இன்ன தொகைக் கடன் தீர்ந்தால் இவரை விடுவிக்கலாம் எனத் துரை எழுதிக்கொடுத்த தாளே ஒரு குடும்பத்தின் தலைவிதியாக இருந்தது. அத்தாளை அக்குடும்பத்தார் வாசித்தறிய இயலாது. ஒருவரைப் பற்றி எழுதப்பட்டு, அவராலேயே வாசிக்க முடியாத எழுத்து, எம்மொழியில் இருப்பினும் விலங்கே ஆகும்.

இவ்விலங்கைத் தகர்க்க முனைந்தவர் கோ. நடேசய்யர். 1887ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்திற் பிறந்து இலங்கைக்கு வந்த இவர், 1921இல் தேசநேசனிலும் 1924இல் தொடங்கிய தேசபக்தனிலும் தொழிலாளர் துயரைத் தமிழில் எழுதினார். அதே காலப்பகுதியில் சிட்டிசன், பார்வர்ட் என்னும் ஆங்கில ஏடுகளையும் நடத்தினார். அவருடைய இருமொழிப் பணி முந்திய நூல்களைத் தலைகீழாக்கியது எனலாம். தமிழ் எழுத்து தொழிலாளரை எழுப்பியது. ஆங்கில எழுத்து ஆள்வோரை வினவியது. தஞ்சையில் இருந்த வாசகனுக்கும் அட்டனில் இருந்த வாசகனுக்கும் ஒரே துயரம் ஒரே மொழியிற் கிட்டியது. கொழும்பில் சட்டசபையினர் கேட்க வேண்டியவற்றை அவர்கள் அறிந்த மொழியிலேயே அவர் கேட்டார். இருமொழி ஏட்டின் முதற் கடமை இதுவேயாம்.

ஆயினும் நடேசய்யரின் பணியிலும் ஒரு குறை உண்டு. அது அவரது குறையன்று, காலத்தின் குறை. அவர் தொழிலாளரின் பொருட்டு ஆங்கிலத்தில் எழுதியதைத் தொழிலாளர் அறிந்திலர். தமிழில் எழுதியதையும் அவர்களுட் பலர் தாமே வாசிக்க வல்லவர் அல்லர். இவ்விடைவெளியை நிரப்பியவர் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையார். இந்தியரது இலங்கை வாழ்க்கையின் நிலையைப் பாட்டாக்கி 1940ஆம் ஆண்டில் அவர் நூலாகவும் வெளியிட்டார். அப்பாடல்களை மக்கள் கூடிய இடங்களில் அவரே பாடினார். ஏடு எட்டாத இடத்தைப் பாட்டு எட்டியது. மலையகத்தில் மக்களைப் பிணித்த சாதனங்களை ஆராய்வோர் அச்சேட்டை மட்டும் எண்ணி இப்பாடல்களை மறப்பது பெரும்பிழையாகும்.

கடல்கடந்த இந்தியரின் பிறிதொரு பத்திரிகையை ஈண்டு ஒப்புநோக்குதல் பயன்தரும். தென்னாபிரிக்காவில் காந்தியடிகளின் முயற்சியோடு 1903ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பினியன்' ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்னும் நான்கு மொழிகளில் வெளிவந்தது. நோக்கம் உயர்ந்தது, ஆனால் 1906ஆம் ஆண்டிலேயே தமிழ்ப்பகுதியும் இந்திப்பகுதியும் நிறுத்தப்பட்டன. அம்மொழிகளில் எழுதவும் அச்சுக்கோக்கவும் தக்கார் கிடைப்பது அரிதாயிற்று. அந்நாட்டில் ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றோருள் தமிழர் பெருந்தொகையினர் என்பதை எண்ணினால், அப்பத்திரிகையை மிக வேண்டியோர் மொழியே முதலிற் கைவிடப்பட்டது என்பது விளங்கும். பல மொழிகளில் ஏடு நடத்துவோம் என்னும் ஆர்வம் எளிது. அவ்வேட்டுக்கு வேண்டிய மொழிபெயர்ப்பாளரையும் அச்சுத் தொழில் வல்லாரையும் பேணுவது அரிது. இருமொழி முயற்சிகள் பல, பகைவரால் அழிவதினும் ஆளில்லாமையால் அழிகின்றன.

இனி, மலையகத்தின் தலைசிறந்த இருமொழிக் கவிஞரைக் கருதுவோம். 1914ஆம் ஆண்டு மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அடுத்த சில ஆண்டுகளிலேயே பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையக மக்களிற் பெரும்பாலோர் வாக்கிழந்தனர்; 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களின் குரலாகச் செல்வோர் இலராயினர். பாராளுமன்றத்தில் வாய் மூடப்பட்ட அக்காலத்திலேயே அவர் 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்னும் கவிதையை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தேயிலைக்கு உரமாகி மண்ணின்கீழ் மறைந்து, நடுகல்லும் இன்றிக் கிடக்கும் தொழிலாளரின் வாழ்வே அதன் பொருள். அக்கவிதை ஆங்கிலத்தில் எழுந்தமை குற்றமாகக் கருதத்தக்கதன்று. தேயிலையைப் பருகுவோரும் வாக்குரிமையைப் பறித்தோரும் அறிந்த மொழியில் அத்துயரைச் சொல்ல வேண்டியிருந்தது.

எனினும் அக்கவிதையில் யாரைப் பற்றிக் கூறப்பட்டதோ, அவர்தம் மொழிக்கு அது வருவதற்குப் பல்லாண்டு சென்றது. சக்தீ அ. பால ஐயா 1969ஆம் ஆண்டில் 'தேயிலைத் தோட்டத்திலே' என அதனைத் தமிழாக்கினார். அத்தமிழாக்கத்தால் விளைந்த மாற்றத்தைத் திறனாய்வாளர் நன்கு கவனித்தல் வேண்டும். ஆங்கிலத்தில் வாசிப்போர்க்குத் தொழிலாளர் 'அவர்கள்', இரங்கத்தக்க அயலார். தமிழில் வாசிக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கோ, மண்ணின்கீழ்க் கிடப்பவன் தன் பாட்டன். சொற்கள் ஒத்திருப்பினும் வாசகர் மாற, கவிதையின் பொருளே மாறுகின்றது. ஆங்கிலத்தில் அது சான்று கூறும் கவிதை. தமிழில் அது நீத்தார் கடன். இவ்விரண்டும் ஒருங்கு நிற்கும்போதே அக்கவிதை முழுமையடைகின்றது. வேலுப்பிள்ளையும் இதனை உணர்ந்தவர் போலவே, பிற்காலத்தில் மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்து 1983ஆம் ஆண்டில் தமிழ் நூலாக்கினார். பிறர்க்குச் சொன்னவர், தம்மவர் சொன்னதைக் கேட்கத் திரும்பினார். மறு ஆண்டில் அவர் மறைந்தார்.

அவ்வாறாயின் தமிழில் எழுந்த மலையக இலக்கியம் பிறமொழிகளுக்குச் சென்றதா என்பது அடுத்த வினா. 1980ஆம் ஆண்டில் மலரன்பன், வடிவேலன், சோமு ஆகிய மாத்தளை எழுத்தாளர் மூவரின் சிறுகதைகள் 'தோட்டக்காட்டினிலே' என்னும் தொகுப்பாக வெளிவந்தன. அப்பெயரிலேயே மொழிபெயர்ப்பாளர்க்குரிய இடர்ப்பாடு தொடங்குகின்றது. 'தோட்டக்காட்டான்' என்பது பிற தமிழர் மலையகத் தமிழரை இழித்துரைத்த சொல். அவ்விழிசொல்லையே நூற்பெயராக்கி நிமிர்ந்து நின்றனர் இம்மூவரும். இதனை ஆங்கிலத்தில் 'தோட்டத்தில்' என்று மட்டும் பெயர்த்தால் இழிவும் போகும், நிமிர்வும் போகும். மலரன்பனின் பிறிதொரு தொகுதிக்குப் பெயராகிய 'கோடிச் சேலை' என்பதும் அத்தகையதே. கோடி என்பது புதிய துணி மட்டுமன்று. நன்மையிலும் தீமையிலும் உறவுடையோர் கொண்டுவரக் கடமைப்பட்ட துணி. மணமாகிச் சென்ற பெண் இறந்தால் பிறந்த வீட்டார் கோடி கொண்டுவருதல் வழக்கம். பிறந்த வீட்டார் கப்பலேறிச் சென்றுவிட்ட பின்னர், அக்கடமையைச் செய்வார் யார்? இவ்வினா கோடி என்னும் சொல்லின் உள்ளேயே அடங்கியிருக்கின்றது. சிட்னியிலோ இலண்டனிலோ வளரும் பேரப்பிள்ளைக்கு இச்சொல்லைப் 'புதுச்சேலை' என்று விளக்கினால், அவன் ஒரு துணியை அறிவான், உறவை அறியான்.

ஆதலால் புலம்பெயர்ந்தோர்க்கான இருமொழி எழுத்து, தமிழை நீக்கி ஆங்கிலத்தை வைப்பதாக அமைதல் தகாது. தமிழ்ச் சொல்லை நிறுத்தி, அதன் அருகே பிறமொழியில் அதன் வாழ்வை விளக்குவதாக அமைதல் வேண்டும். மூலத்தை மறைக்கும் மொழிபெயர்ப்பு வாசகனை மூலத்திலிருந்து விலக்குகின்றது. மூலத்தின் அருகில் நிற்கும் மொழிபெயர்ப்பு அவனை மூலத்துக்கு அழைத்துச் செல்கின்றது.

இங்ஙனம் பெரும்பாலோர் மொழியைப் பின்தள்ளி, அதிகாரத்தின் மொழியை முன்வைத்த நிலை பிற நாடுகளிலும் காணப்பட்டதே. கரீபியன் கடலிலுள்ள ஹெயிட்டி நாட்டில் மக்கள் அனைவரும் பேசுவது கிரியோல் மொழி. நெடுங்காலம் ஆட்சியிலும் ஏட்டிலும் செல்வாக்குற்றிருந்ததோ சிலரே அறிந்த பிரெஞ்சு மொழி. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்பே இரண்டையும் ஒப்ப ஆட்சிமொழிகளாக்கியது. அதற்கு முன்னரே வானொலி அவ்வேலையைத் தொடங்கியிருந்தது. ழான் டொமினிக் என்பார் நடத்திய றேடியோ ஹெயிட்டி பிரெஞ்சோடு கிரியோலிலும் செய்திகளை ஒலிபரப்பி, உழவரையும் பேச வைத்தது. அதன் பொருட்டு அவர் இருமுறை நாடுவிட்டு நியூயோர்க்கில் வாழ நேர்ந்தது. 2000ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆம் நாள் தம் நிலைய வாயிலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இரு மொழிகளிற் பேசுவதனால் ஒருவர் கொல்லப்படுவதில்லை; ஏவல் கேட்க மட்டும் பழக்கப்பட்டோரை மறுமொழி கூற வைப்பதனாலேயே அத்தகையோர்க்குப் பகை மூளுகின்றது.

மலையக மக்களின் வாழ்விலும் ஒலியின் இடம் பெரிது. 1960களிலும் 1970களிலும் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தமிழகத்து மக்கள் பெருவிருப்போடு கேட்டனர் என்பதை யாவரும் அறிவர். தாயகம் திரும்பியோரைக் குடியமர்த்தும் பொருட்டுத் தமிழக அரசு 1968ஆம் ஆண்டு முதல் நீலகிரியில் அமைத்த தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கு, அவ்வொலி பிறந்த மண்ணின் ஒலி. ஆயினும் அது ஒருவழிப் பாதையே. அவர்கள் கேட்டனர், கூடலூரிலிருந்து அவர்கள் கூறியதை மாத்தளை கேட்க வழியிருந்ததில்லை. அவ்வழியாக விளங்கியவை கடிதங்கள் மட்டுமே.

இவ்வாராய்ச்சியில் இதுகாறும் தமிழும் ஆங்கிலமுமே பேசப்பட்டன. மாத்தளையில் வாழ்வோர் மூன்றாவது மொழியை மறத்தல் இயலாது. தோட்டத்துக்கு அப்பாலுள்ள கிராமத்து மக்கள் சிங்களம் பேசுவோர். சந்தையிலும் பேருந்திலும் சிங்களம் பேசவல்ல தமிழ் இளைஞர் பலர், அம்மொழியில் ஒரு சிறுகதையும் வாசித்ததில்லை. தமிழ் இளைஞனின் பாட்டன் எவ்வாறு வந்தான், எவ்வாறு நாடற்றவனானான் என்பதைச் சிங்கள இளைஞனும் தன் மொழியில் வாசித்ததில்லை. மடுளுகிரியே விஜேரத்ன போன்றோர் தமிழ்ச் சிறுகதைகளைச் சிங்களமாக்கிய பணி போற்றற்குரியது. ஆனால் ஒரு சிலர் தோளில் இப்பெருஞ்சுமையை ஏற்றுதல் முறையன்று. கடல்கடந்த உறவினரோடு பேச ஆங்கிலம் வேண்டும் என்போர், வேலிகடந்த அயலாரோடு பேசச் சிங்களமும் வேண்டும் என்பதை ஏற்றல் வேண்டும். 1983ஆம் ஆண்டின் தீயைக் கண்ட மாத்தளை நகருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தாய்மொழியை விட்டுப் பிறமொழியில் எழுதுதல் தமிழைக் குறைக்கும் எனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் முற்றும் காரணமற்றதன்று. ஆங்கிலம் வந்த பல இல்லங்களில் தமிழ் வெளியேறியிருக்கின்றது. ஆங்கிலமே போதும், தமிழ் வீண்சுமை என்பர் வேறு சிலர். அவர்கள் கோடி என்னும் சொல்லுக்கு ஒரு மாற்றுச் சொல் காட்டட்டும். இவ்விரு சாராரும் மொழிகளைப் போட்டியாளராகக் கருதுகின்றனர். வரலாறோ வேறொன்றைக் காட்டுகின்றது. கும்மி நூலிலும் 'இங்கே வா' என்பதிலும் இரு மொழிகள் இருந்தன. ஆயினும் பேச்சு ஒரு திசையிலேயே சென்றது. நடேசய்யர் ஏடுகளில் அப்பேச்சு திசை மாறியது. வேலுப்பிள்ளையின் கவிதையில், காலந்தாழ்ந்தாயினும், அது வீடு திரும்பியது. இன்னும் நிகழாதது ஒன்றே: இரு திசையிலும் தடையின்றிச் செல்லும் உரையாடல். இருமொழி எழுத்தின் தகுதியை அளக்கும் கோலும் அதுவே. எத்தனை மொழியில் அச்சிடப்பட்டது என்று வினவுதல் போதாது. கேட்டவர் மறுமொழி கூற இடமிருந்ததா என்று வினவுதல் வேண்டும்.

அவ்வுரையாடலைத் தொடங்குவதற்குப் பெருநிதியும் பேரியந்திரமும் வேண்டுவதில்லை. 1960களின் பிற்பகுதி முதல் நீலகிரியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்த கடிதங்கள் மாத்தளைத் தோட்டங்களில் இன்னும் சில இல்லங்களின் பெட்டிகளிற் கிடக்கின்றன. அவற்றை எழுதியோரும் பெற்றோரும் ஒருவர்பின் ஒருவராய் மறைந்து வருகின்றனர். உயர்வகுப்பு மாணவர், உரியோரின் இசைவு பெற்று, அக்கடிதங்களைப் படியெடுத்துத் தமிழ் மூலத்தோடு சிங்கள மொழிபெயர்ப்பையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அருகருகே அமைத்தல் கூடும். அவற்றை அங்குள்ள உறவினர்க்கு அனுப்பி, அவர்கள் கூறும் விடையையும் சேர்த்தல் கூடும். மூன்று மொழிகளையும் அறிந்த ஆசிரியர் ஒவ்வொரு கல்லூரியிலும் ஓரிருவரேனும் உளர். பாட்டனின் எழுத்தைப் பேரன் வாசிக்க இயலாமற் போகும் நாள் வருமுன் இப்பணி தொடங்கப்படுதல் நன்று.